சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்து டைப்பிங் கடை: வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்றால் முதலில் இங்கே போங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் இருக்கிற பகுதியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடைகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதில் ஒரு கடைக்கு மட்டும் பெயரே இல்லை. போர்டில் ‘ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்’ என்று மட்டும் இருக்கும். கேட்டால் எல்லோரும் ‘அக்கா கடை’ என்பார்கள். அக்காவின் அப்பா டைப்ரைட்டர் காலத்திலிருந்து மனு எழுதியவர், இப்போது கண் சரியாகத் தெரியாமல் உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், டைப் செய்வதெல்லாம் அக்காதான். பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் பென்ஷன் என்று எல்லா மனுவும் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது அதில் ஒரே ஒரு வேலையைப் பற்றி. வீட்டில் ஒருவர் காணாமல் போய்விட்டார், அல்லது ஒருவர் இறந்த விதத்தில் சந்தேகம் இருக்கிறது, போலீசுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு மனுவை எழுதிக் கொடுப்பதில் இந்தக் கடைக்கு நிகராக நான் இந்தப் பக்கத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை.

இப்படி ஒரு தேவை யாருக்கும் வரக்கூடாது. ஆனால் வருகிறது. வரும்போது வீட்டில் யாருக்கும் கை கால் ஓடுவதில்லை. ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம், ‘எழுதிக் குடுங்க’ என்கிறார்கள், ஒரு வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று பதற்றத்தில் என்னத்தையோ எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பின்னாடி வருஷக் கணக்கில் நம்மோடு வரப்போவது அந்தத் தாள்தான் என்று அப்போது யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர். ஒரு நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் (எந்த ஸ்டேஷன் என்று இங்கே வேண்டாம்) ‘வீட்ல எதுனா சண்டையா? ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவாரு’ என்று அனுப்பிவிட்டார்கள். சி.எஸ்.ஆர். (புகாரை வாங்கியதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) கூடப் போடவில்லை. அத்தை அழுதுகொண்டே திரும்பினார். தெருவில் ஒருவர் சொல்லித்தான் நானும் அத்தையும் பஸ் ஏறி இந்தக் கடைக்கு வந்தோம்.

மற்ற கடையாக இருந்தால், பெயர் என்ன, வயசு என்ன என்று கேட்டுவிட்டு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு மனுவில் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அக்கா கீபோர்டைத் தொடவே இல்லை. ஒரு பழைய டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னாம்மா ஆச்சு, பொறுமையா சொல்லு” என்றார். அத்தை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம்தான் கேள்விகள். போகும்போது இன்னா துணி? அத்தை ‘லுங்கியும் சட்டையும்’ என்றார். என்ன கலர் லுங்கி, கட்டமா கோடா, சட்டை அரைக்கையா முழுக்கையா, சட்டை ரெடிமேடா தைச்சதா. தைத்தது என்றதும் எந்த டெய்லர், காலரில் துணி லேபிள் இருக்குமா என்று கேட்டார். அரைஞாண் கயிறு என்ன கலர், வெள்ளியா நூலா. செருப்பு என்ன நம்பர். உடம்பில் மச்சம், தழும்பு, பச்சை குத்தினது, ஆபரேஷன் தையல். பல் ஏதாவது கட்டியிருக்கிறாரா. சட்டைப் பையில் வழக்கமாக என்ன வைத்திருப்பார். அத்தைக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே சின்ன வயசில் தறிக்குழியில் விழுந்து போட்ட தையல், கறுப்பு நூல் அரைஞாண், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. காலர் லேபிள் விஷயம் அத்தைக்குத் தெரியவில்லை. அக்கா அங்கேயே உட்கார வைத்து டெய்லருக்குப் போன் போடச் சொன்னார். டெய்லர் ‘ஆமா, நம்ம கடை லேபிள் வெச்சுத்தான் தைப்பேன்’ என்றார். அதுவும் மனுவில் ஏறியது.

பேப்பரில் பார்த்திருப்பீர்களே, ‘சுமார் 50 வயது மதிக்கத்தக்க அடையாளம் தெரியாத ஆண் சடலம், நீல நிற கட்டம் போட்ட லுங்கி’ என்று இரண்டு வரிச் செய்தி. ஒரு பக்கம் போலீஸ் அப்படி ஒரு வர்ணனையை எழுதி வைத்துக்கொண்டு சொந்தக்காரரைத் தேடுகிறது. இன்னொரு பக்கம் குடும்பம் ‘என் கணவரைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்’ என்று வெறும் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. இரண்டு தாளும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும் என்றால் இரண்டிலும் ஒரே மாதிரியான விவரம் இருக்க வேண்டும். அக்கா எழுதும் மனு அந்தப் பக்கத்துத் தாளை மனசில் வைத்து எழுதப்படுவது. இது யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை, வருஷக் கணக்கில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துப் பார்த்து வந்தது.

அடுத்து அவர் செய்தது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. மனுவை மூன்று காப்பி கூடுதலாக எடுத்தார். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று எஸ்.பி. ஆபீசுக்குப் பதிவுத் தபாலில், ஒன்று ரயில்வே போலீசுக்கு, ஒன்று அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்டுக்கு. ரயில்வே எதற்கு என்று கேட்டேன். “குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் நடுவுல தண்டவாளம் கீதே தம்பி. அங்க எதுனா ஆச்சுன்னா உங்க ஸ்டேஷனுக்கு வராது” என்றார்.

இது முக்கியமான விஷயம். ரயில் பாதையில் கிடக்கும் உடல் ரயில்வே போலீசின் பொறுப்பு, அவர்களுக்குத் தனி ஸ்டேஷன், தனி எஸ்.பி. ஊர் ஸ்டேஷனில் நாம் கொடுத்த புகார் அங்கே தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. சென்னை, பெங்களூர், கேரளா என்று எல்லா வண்டியும் ஓடுகிற பாதை இது, காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டியே எத்தனை ஊர். நம் மாவட்டத்துக்காரர்கள் யாரைத் தேடினாலும் ரயில்வே போலீசில் ஒரு காப்பி கொடுத்தே ஆக வேண்டும்.

மாமாவை அப்படித்தான் கண்டுபிடித்தோம். லத்தேரிப் பக்கம் தண்டவாளத்தின் ஓரமாகக் கிடைத்த உடல் அடையாளம் தெரியாமல் பிணவறையில் இருந்தது. காலர் லேபிளைப் படித்த ஒரு ரயில்வே ஏட்டு எங்கள் மனுவைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். முகத்தை வைத்து அடையாளம் காட்டும் நிலையில் இல்லை. முழங்கால் தையல்தான் அடையாளம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த மனு இல்லாவிட்டால் மாமா ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்றே புதைக்கப்பட்டிருப்பார், அத்தை இன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் கடையின் இரண்டாவது வேலை. இப்படி ஒரு சாவுக்குப் போடும் கேஸை ஊரில் இன்னமும் ‘174 கேஸ்’ என்றுதான் சொல்கிறோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-வது பிரிவு. ஒருவர் தற்கொலையாலோ விபத்தாலோ சந்தேகமான விதத்திலோ இறந்தால் முதலில் அந்தப் பிரிவில்தான் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். கொலை என்று தெரியவந்தால் பிறகு பிரிவை மாற்றுவார்கள். இது தெரியாமல் எஃப்.ஐ.ஆர். காப்பியைப் பார்த்ததும் ‘கேஸையே மூடிட்டாங்க’ என்று சித்தப்பா ஸ்டேஷன் வாசலில் சத்தம் போட்டார். மூடவில்லை, அது ஆரம்பம்தான் என்பதை எங்களுக்கு உட்கார வைத்துப் புரிய வைத்தது அக்கா. எஃப்.ஐ.ஆர். காப்பியைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் (புதுச் சட்டத்தில் 193-வது பிரிவு) அங்கேதான் தெரிந்துகொண்டோம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு, அந்த மாதிரி மனுவில் கல்யாணத் தேதியை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கு அவர் சொன்னதையும் கேட்டேன்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் டாக்டர் சாவுக்கான காரணத்தை எழுதாமல், ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்தை நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். எங்களுக்கு அடிவயிறு கலங்கியது, யாரோ பணம் கொடுத்து மறைக்கிறார்கள் என்று நினைத்தோம். அக்கா படித்துப் பார்த்துவிட்டு இது வழக்கமான வாசகம், இரைப்பை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்து உப்புக் கரைசலில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள், விஷமோ சாராயமோ இருந்ததா என்று பார்ப்பார்கள், மாதக் கணக்கில் ஆகும், சும்மா இருக்காமல் அந்த ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டு அவ்வப்போது எழுத்தில் கொடுங்கள் என்றார். போலீஸ் சொல்லாத விளக்கம், ஆஸ்பத்திரி சொல்லாத விளக்கம். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

இப்போது நான் இந்தக் கடையை இவ்வளவு உயர்த்திச் சொல்வதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

மாமாவிடம் ஒருவர் பணம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார். காணாமல் போவதற்கு முந்தின வாரம் தெருவில் வாக்குவாதம். மாமாவின் போன் உடலோடு கிடைக்கவில்லை. அத்தைக்கு அந்த ஆள்தான் என்று முடிவே ஆகிவிட்டது. எஸ்.பி.க்குக் கொடுக்கும் மனுவில் ‘இன்னார் என் கணவரைக் கொன்று தண்டவாளத்தில் போட்டுவிட்டார்’ என்று எழுதச் சொன்னார். சித்தப்பா ‘கத்தியோட சுத்தினான்னு சேத்துக்கோ’ என்றார். கத்தியை யாரும் பார்க்கவில்லை, ஆனால் அப்போது எங்களுக்கு அதெல்லாம் தப்பாகவே தோன்றவில்லை.

அக்கா டைரியில் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் ‘பார்த்தது’, இன்னொரு பக்கம் ‘கேள்விப்பட்டது’. ஒவ்வொரு வரியாகக் கேட்டார். வாக்குவாதத்தை யார் நேரில் பார்த்தது? அத்தை பார்த்தார், சரி, பார்த்தது பக்கம். எந்தத் தேதி, எத்தனை மணி, கூட யார் இருந்தது? மிரட்டினான் என்று யார் சொன்னது? பக்கத்துத் தறிக்காரர். அப்படியென்றால் அது கேள்விப்பட்டது பக்கம், ஆனால் அவர் பெயர் எழுதலாம், போலீஸ் அவரை விசாரிக்கட்டும். கத்தி? யாரும் பதில் சொல்லவில்லை. “அப்போ அது எந்தப் பக்கமும் வேணாம்” என்றார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா குரலை உயர்த்தவில்லை. “ண்ணா, சந்தேகம் இருந்தா சந்தேகம்னு எழுதலாம். செஞ்சான்னு எழுதாதீங்க. நாளைக்குக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தா, இந்தப் பேப்பர எடுத்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் இவங்களக் கேப்பாரு. கத்தி எங்கம்மா பாத்தீங்கன்னு. அன்னிக்கு இவங்க முழிச்சாங்கன்னா, நெஜமா பாத்ததையும் சேத்துப் பொய்யின்னுடுவாரு.”

அப்படியே செய்தோம். மனு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. தேதிவாரியாக. சந்தேகத்துக்கு என்னென்ன காரணம் என்று தனியாக. போன் காணவில்லை என்பதும், அந்த நம்பரின் அழைப்பு விவரங்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் கடைசியில். புதன்கிழமை எஸ்.பி. ஆபீசில் மனு வாங்கும்போது கொடுத்தோம். அதைப் படித்த அதிகாரி அத்தையை உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் எங்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அழைப்பு விவரங்கள் எடுக்கப்பட்டன. அந்த ஆளையும் விசாரித்தார்கள். மாமா எப்படி இறந்தார் என்று எங்களுக்கு இன்னும் முடிவாகத் தெரியாது, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி இங்கே மேலே எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் அத்தை இதுவரை எத்தனை பேரிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரோ எல்லாரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் நடந்ததைத் தவிர அந்த மனுவில் வேறு எதுவும் இல்லை.

இதே பகுதியில் ‘ஸ்ட்ராங்கா எழுதித் தரேன்’ என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஐந்நூறு, ஆயிரம் என்று வாங்குவார்கள். நான்கு பக்கம் எழுதுவார்கள். ‘கொடூரமான முறையில்’, ‘ஈவு இரக்கமின்றி’ என்று வரிக்கு வரி வரும், இறந்தவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் இருக்காது. துக்கத்தில் இருக்கிற ஜனத்துக்கு அந்த வார்த்தைகளைப் படிக்கும்போது நம் வலியை யாரோ புரிந்துகொண்டார்கள் என்று ஒரு ஆறுதல் வரும், அது எனக்கும் தெரியும். அந்த ஆறுதலுக்கான விலை பின்னாடி கோர்ட்டில் கேட்கப்படுகிறது.

கடை பெஞ்சில் ஒரு அம்மாவைப் பார்த்தேன், அணைக்கட்டு மலைப்பக்கத்து ஊர். கணவர் கூலி வேலை என்று ஏஜென்ட் ஒருவரோடு ஆந்திராவுக்குப் போனவர், வருஷங்களாகத் தகவல் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. செம்மரம் வெட்டக் கூட்டிப்போவார்கள், கைதானவர் உண்டு, திரும்பாதவர் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் இறந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து மலை ஜனங்கள், பழைய வட ஆற்காட்டில் பாதி ஊருக்கு அது சொந்தக்காரர் சாவு. அதனாலேயே மலையில் ஒருவர் திரும்பி வராவிட்டால் குடும்பம் புகார் கொடுக்கப் பயப்படுகிறது. கொடுத்தால் நம் ஆள் மேலேயே செம்மரக் கேஸ் வந்துவிடுமோ என்று. அந்த அம்மாவும் கொடுக்கவில்லை.

விளைவு என்ன? ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தகவலே இல்லை என்றால் அவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111. ஆனால் ஏழு வருஷம் முடிந்ததும் யாரும் வீட்டுக்கு வந்து இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட மாட்டார்கள். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். அந்த வழக்கில் கோர்ட் கேட்கிற முதல் கேள்வி, காணாமல் போனபோது போலீசில் புகார் கொடுத்தீர்களா, கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் கொடுத்த சான்று எங்கே என்பதுதான். புகாரே இல்லை என்றால் ஏழு வருஷத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? நிலம் அவர் பெயரில், பேங்க் புத்தகம் அவர் பெயரில். அந்த அம்மா பொட்டு வைத்திருந்தார். ஊரில் சிலர் அதற்கும் பேசுகிறார்களாம், எடுத்தாலும் பேசுவார்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான பென்ஷனுக்கு எழுதலாமே என்று யாரோ சொன்னதற்கு, “அவரு என்ன உட்டுட்டுப் போவலியே” என்று சொல்லிவிட்டார்.

அக்கா அவருக்காக ஒரு வருஷத்து ரேஷன் கார்டு, கணவர் கடைசியாக வந்த தேர் திருவிழா, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தேதி என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, கணவர் போன மாதத்தைக் கண்டுபிடித்துப் புகார் எழுதினார். இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்பதற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். அதோடு கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார், கடையில் கூட்டம் நின்றுகொண்டிருக்கும்போதே. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருஷத்துச் சட்டம் அது, 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம். வக்கீல் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்கிறேன் என்று அக்கா என்றைக்கும் சொன்னதில்லை. ஆட்கொணர்வு மனுவா (ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு), ஹைகோர்ட், நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்.

இந்த மாதிரி விஷயங்களில் எந்த ஊர் எந்த எல்லை என்று தெரிந்திருப்பதும் பெரிய உதவி. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடு போய்விட்டது, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையோடு. பழைய பழக்கத்தில் எல்லாரும் வேலூருக்கே வந்து நிற்கிறார்கள். எல்லை எங்களது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக்கூடாது, எங்கே நடந்திருந்தாலும் குற்றப் புகாரை வாங்கிப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 173-வது பிரிவே சொல்கிறது. அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறார். பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் காத்திருக்கவே வேண்டாம், காணாமல் போன குழந்தை விஷயத்தில் கடத்தல் என்று எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் உடனே அடியுங்கள்.

‘காணவில்லை’ நோட்டீசும் அடித்துத் தருகிறார்கள். அதில் ஒரு நல்ல பழக்கம்: வீட்டு நம்பரை மட்டும் போட விடமாட்டார், ஸ்டேஷன் நம்பரையும் சேர்ப்பார், வாட்ஸ்அப்பில் போடும் நோட்டீசில் ஆளின் எல்லா அடையாளத்தையும் எழுத வேண்டாம், ஒன்றிரண்டை நிறுத்தி வையுங்கள் என்பார். எங்களுக்கு அதன் அருமை சீக்கிரமே தெரிந்தது. இந்திக் கலந்த தமிழில் ஒருவன் போன் செய்து ‘உங்க ஆளு எங்ககிட்டதான் இருக்காரு, ஆஸ்பத்திரி செலவுக்குப் பணம் போடுங்க’ என்றான். அத்தை தாலிச் சரட்டைக் கழற்றவே போய்விட்டார். முழங்காலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டான். அப்போது மாமா ஏற்கெனவே பிணவறையில் இருந்திருக்கிறார். இப்படிக் கூப்பிட்டால் சைபர் மோசடிக்கான 1930-க்குப் புகார் கொடுங்கள், பணம் மட்டும் போடாதீர்கள்.

குறைகளும் இருக்கின்றன, சொல்லியாக வேண்டும். பெரிய குறை, மறைவு கிடையாது. பத்துக்குப் பத்துகூட இல்லாத கடை, முன்னால் ஒரே பெஞ்ச். உங்கள் வீட்டு ஆள் குடிப்பாரா, வேறு யாரோடாவது தொடர்பு உண்டா, கடன் எவ்வளவு என்று அக்கா கேட்பது அவசியமான கேள்விகள்தான், ஆனால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவனெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். தங்கச்சி ஒருத்தி காணாமல் போன விஷயமாக வந்த பையன் பாதியிலேயே எழுந்து போனதைப் பார்த்தேன். ஒரு தட்டி வைத்து மறைத்தால்கூடப் போதும். இரண்டாவது, அக்கா இல்லாத நேரத்தில் வேலை செய்யும் பையன் அவசரக்காரன். அவனிடம் எடுத்த ஒரு மனுவில் ‘இறந்தார்’ என்பது ‘இரந்தார்’ என்று வந்துவிட்டது, தேதியிலும் மாதம் தவறு. அவன் அடித்தால் கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள் என்பதால் அன்றைக்குப் போனால் நிற்கக்கூட இடம் இருக்காது, மத்தியானத்துக்கு மேல் போங்கள். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், யூ.பி.எஸ். இருக்கிறது என்று பேர்தான்.

ரேட்டு: தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு 50 ரூபாய், ஜெராக்ஸ் 2 ரூபாய், கலர் போட்டோ பிரிண்ட் 20. மனுவை எத்தனை தடவை திருத்தினாலும் கூடுதலாக வாங்குவதில்லை. ஆள் காணாமல் போனது பற்றிய மனுவுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போனாலும் 50-தான் வாங்குகிறார், கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், சாயங்காலம் ஆறரை வரை, ஞாயிறு லீவு.

போகும்போது எடுத்துப் போக வேண்டியது: சமீபத்துப் போட்டோ இரண்டு, அதில் ஒன்று முழு உடம்பும் தெரிகிற மாதிரி (கல்யாண ஆல்பத்தில் மேக்கப் போட்ட போட்டோ உதவாது), ஆதார் ஜெராக்ஸ், போன் வாங்கிய பில் இருந்தால் அதிலிருக்கும் ஐ.எம்.இ.ஐ. நம்பர் (போனுக்கே உரிய அடையாள எண்), ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது, கடைசியாகப் பேசிய நேரம். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், அழாமல் பேசக்கூடிய ஒருவரை. ஸ்டேஷனில் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். தரமாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம், அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது) அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தபால் ஆபீசுக்கான கவர் வரை அக்கா கடையிலேயே எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.